கருவி கெட்டதா, காற்று படுத்ததா? வயல்வெளிக் கம்பத் தரவுக்கு அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

போன மார்கழியில் ஒரு ராத்திரி 11 மணிக்கு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கம்பத்தில் ஏறினேன். 10 மீட்டர் உயரத்து வெப்பமானி 2 மீட்டரில் இருப்பதைவிட ஒன்றரை டிகிரி கூடுதலாகக் காட்டியது, கீழ்க் காற்றுமானியின் கிண்ணங்கள் ஏறக்குறைய நின்றே விட்டன, ஒலியால் காற்றை அளக்கும் சானிக் அனிமோமீட்டர் தரும் வெப்பப் பாய்வு (தரைக்கும் காற்றுக்கும் நடுவே போய்வரும் வெப்பம்) பூஜ்யத்தை ஒட்டிக் கிடந்தது. மூன்றும் ஒரே நேரத்தில் என்றால் ஒயர்தான், இல்லையென்றால் தரவைப் பதியும் லாகரில் எர்த் போயிருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். எல்லா இணைப்பையும் கழற்றி மாட்டியாயிற்று, ஒன்றும் மாறவில்லை. கீழே நின்ற காவல்கார அண்ணன், "வாழை இலைகூட அசையலையே தம்பி, கருவி மட்டும் எப்படிச் சுத்தும்?" என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. கருவி மூன்றும் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன, எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை. அதனால், டெல்டாவில் வாய்க்கால் ஓரமாக நிற்கும் அந்த ஒரு கம்பத்தை வைத்துக்கொண்டு நான் பட்ட பாட்டை இங்கே அறிகுறி வாரியாக எழுதுகிறேன். ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் படியுங்கள். அதே சமயம் எல்லாவற்றுக்கும் "அது வளிமண்டலம்" என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, நிஜமாகவே கருவி கெட்ட கதையும் கீழே இருக்கிறது.

முதலில் ஒரு எண்ணைப் போட்டுப் பாருங்கள்

பகலில் தரை சூடு, அதை ஒட்டிய காற்று இலேசாகி மேலே கிளம்பும், காற்றின் சுழல்களுக்கு, அதாவது கொந்தளிப்புக்கு, தீனி கிடைக்கும். இதை நிலையற்ற நிலை என்கிறோம். தெளிந்த இரவில் தலைகீழ்: தரை விண்ணுக்கு வெப்பத்தை இழந்து குளிரும், கனமான குளிர்காற்று அடியில் தேங்கும், ஒரு சுழல் அதைத் தூக்கி மேலே கொண்டுபோக வேண்டுமென்றால் தன் கையிருப்பைச் செலவழிக்க வேண்டும். இது நிலையான நிலை. இந்த வரவுக்கும் செலவுக்கும் உள்ள கணக்கைத்தான் லூயிஸ் ரிச்சர்ட்சன் 1920-ல் எழுதினார், அவர் பெயரில் உள்ள எண்ணும் அதுதான்.

போடுவது சுலபம். மேல் வெப்பநிலையிலிருந்து கீழ் வெப்பநிலையைக் கழியுங்கள், அதோடு ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் 0.01 டிகிரி கூட்டுங்கள் (காற்று மேலே போனால் அழுத்தம் குறைந்து தானாகவே கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி குளிரும், அந்தக் கழிவு இது). வந்ததை உயர வித்தியாசத்தால் பெருக்கி, காற்று வேக வித்தியாசத்தின் வர்க்கத்தால் வகுத்து, 0.033-ஆல் பெருக்குங்கள். நம்மூர் வெப்பநிலைக்கு அந்த 0.033 போதும்.

அந்த மார்கழி ராத்திரிக்கே போட்டுப் பார்ப்போம். 2 மீட்டரில் 20.0 டிகிரி, 10 மீட்டரில் 21.5. வித்தியாசம் 1.5, திருத்தம் 0.08 சேர்த்தால் 1.58. கீழே காற்று நொடிக்கு 0.6 மீட்டர், மேலே 1.8. எண் 0.29 வருகிறது. 1961-ல் மைல்ஸும் ஹோவர்டும் கணிதத்தில் காட்டிய எல்லை 0.25. அதற்கு மேல் போனால், அமைதியாக ஓடும் காற்றில் புதிதாகக் கொந்தளிப்பு கிளம்ப வழியில்லை. ஏற்கெனவே இருப்பது கத்தி வைத்து வெட்டியது போல 0.25-ல் நின்றுவிடாது, விட்டு விட்டு, பலவீனமாக இழுத்துக்கொண்டிருக்கும், ஆனால் நம்பி வெப்பம் கடத்தாது.

இதே ராத்திரி காற்று இரு மட்டத்திலும் இரட்டிப்பாக இருந்திருந்தால்? கீழே 1.2, மேலே 3.6. எண் 0.07-க்கு இறங்கிவிடும், வர்க்கத்தால் வகுக்கிறோமே. காற்றில் வரும் சின்ன மாற்றம் இரவின் முகத்தையே மாற்றிவிடுவது இதனால்தான்.

எண் எதிர்மறை என்றால் பகல் குணம், பூஜ்யத்தை ஒட்டி என்றால் மேகமூட்டமோ பலத்த காற்றோ, 0.2-ஐத் தாண்டினால் காற்று படுத்துவிட்டது. இதைப் போடாமல் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

அறிகுறி: இரவில் மேலே சூடு, கீழே குளிர், வித்தியாசம் பெரிது, ஆனால் வெப்பப் பாய்வு கிட்டத்தட்ட இல்லை

இதுதான் என்னைக் கம்பத்தில் ஏற்றியது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் விழும் குழியும் இதுதான்: வித்தியாசம் பெரிதாக இருந்தால் பாய்வும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். இரும்புக் கம்பியில் அது சரி. காற்றில் நடுவே ஒரு தரகர் இருக்கிறார், அவர் பெயர் கொந்தளிப்பு, அவர் தூங்கிவிட்டால் இரண்டு பக்கமும் எவ்வளவு சரக்கு இருந்தாலும் வியாபாரம் நடக்காது.

தரையோரக் காற்றுக்கு வழக்கமாகப் போடும் மோனின்-ஒபுகோவ் வாய்பாட்டில் போட்ட ஒரு கணக்கு சொல்கிறேன். வெயில் நேரம், உராய்வு வேகம் (தரையோரக் கொந்தளிப்பின் வலுவைச் சொல்லும் அளவு) நொடிக்கு 0.3 மீட்டர், வெப்பப் பாய்வு சதுர மீட்டருக்கு 120 வாட். இதற்கு 2-க்கும் 10-க்கும் நடுவே திருத்தம் சேர்த்த பிறகு வர வேண்டிய வித்தியாசம் வெறும் 0.6 டிகிரி. இரவில், உராய்வு வேகம் 0.1, பாய்வு கீழ்நோக்கி 12 வாட். வித்தியாசம் 1.7 டிகிரிக்கு மேல். அதாவது பத்தில் ஒரு பங்கு வெப்பத்தைத் தள்ள மூன்று மடங்கு வித்தியாசம் வேண்டியிருக்கிறது, கடத்தும் திறன் ஏறக்குறைய 30 மடங்கு சுருங்கிவிட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நிலைத்தன்மை கொஞ்சமாக இருக்கும்போது, அது கூடக்கூடக் கீழ்நோக்கிய பாய்வும் கூடும், ஏனென்றால் வித்தியாசம் கூடுகிறது, சுழல்களும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு உச்சத்துக்குப் போன பிறகு சுழல்கள் சாகத் தொடங்கும், பாய்வு திரும்ப பூஜ்யத்துக்கு வரும். ஆக, 10 வாட் என்ற அதே எண் இரண்டு வேறு இரவுகளைக் குறிக்கலாம், ஒன்று காற்றோட்டமான இரவு, ஒன்று செத்த இரவு. பாய்வை மட்டும் பார்த்தால் பிரித்தறிய முடியாது, கூடவே உராய்வு வேகத்தையோ ரிச்சர்ட்சன் எண்ணையோ வைத்துப் பார்த்தால்தான் தெரியும்.

செய்ய வேண்டியது: எண் 0.2-க்கு மேலா, வானம் தெளிவா, கிண்ணங்கள் காலையில் வெயில் ஏறியதும் பழையபடி சுற்றுகின்றனவா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் எதையும் தொடாதீர்கள். சந்தேகம் தீரவில்லையென்றால் கம்பத்தடியில் கொஞ்சம் சாம்பிராணி போட்டுப் பாருங்கள், நான் போட்டேன். புகை முழங்கால் உயரம் எழுந்து, அப்படியே பாய் விரித்தது போலப் படுத்து, வரப்போரமாக நகர்ந்து போயிற்று, தலைக்கு மேலே ஒரு இழைகூட வரவில்லை. போகி காலையில் சென்னையில் விமானங்கள் தாமதமாவதும் இதே படுக்கைதான், அங்கே சாம்பிராணிக்குப் பதில் டயரும் பழைய பாயும்.

அறிகுறி: அமைதியான ராத்திரியில் வெப்பநிலை திடீரென்று 2 டிகிரி ஏறி, அரை மணியில் இறங்கிவிடுகிறது

லூஸ் கனெக்ஷன் போலவே இருக்கும். ஆனால் லூஸ் கனெக்ஷனுக்கு அடுத்த கருவியைப் பற்றித் தெரியாது. அதே நிமிடத்தில் காற்று வேகமும் எகிறியிருக்கிறதா, கீழ் வெப்பமானி ஏறியபோது மேலே உள்ளது கொஞ்சம் இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது மேலிருந்து வந்த அலசல்.

நடப்பது இப்படி: தரையோடு தொடர்பு அறுந்ததும் சில நூறு மீட்டர் உயரத்தில் உள்ள காற்றுக்கு உராய்வு இல்லாமல் போகிறது, அது வேகம் பிடித்துத் தாழ்மட்டத் தாரையாக ஓடுகிறது. ஓட ஓட மேலுக்கும் கீழுக்கும் வேக வித்தியாசம் பெருகும், ரிச்சர்ட்சன் எண்ணில் கீழே வகுப்பது பெருகும், ஒரு கட்டத்தில் படுக்கை கிழிந்து மேலே இருந்த சூட்டுக் காற்று கீழே கொட்டும். கொட்டியதும் வித்தியாசம் சமமாகிவிடும், திரும்ப எல்லாம் அடங்கும். 1999 அக்டோபரில் அமெரிக்காவின் கான்சாஸ் புல்வெளியில் கேஸஸ்-99 என்று ஒரு மாதம் இரவு நேரத்துக்காகவே முகாம் போட்டு, 60 மீட்டர் கோபுரம் நட்டு இதைத் துருவினார்கள். கிடைத்த சேதிகளில் ஒன்று நமக்கு: இந்த மாதிரி ராத்திரியின் மொத்தப் பாய்வில் பெரும்பங்கு இப்படிப்பட்ட சில வெடிப்புகளிலேயே வந்துவிடலாம். அதை "அசாதாரண மதிப்பு" என்று நிரல் வடிகட்டித் தள்ளினால் குழந்தையைக் குளிப்பாட்டிய தண்ணீரோடு குழந்தையும் போயிற்று.

அப்புறம் சராசரி நேரம். பகலுக்கு 30 நிமிடம் சரி. இப்படிப்பட்ட இரவில் 30 நிமிடச் சராசரிக்குள் கொந்தளிப்பே அல்லாத மெதுவான அலைகளும் வளைந்து நெளியும் காற்றும் புகுந்து பாய்வின் குறியைக்கூட மாற்றிவிடும். நான் இரவுக்கு 5 நிமிடம் வைக்கிறேன்.

அறிகுறி: பகலில் இரண்டு வெப்பமானிகளுக்கும் வித்தியாசம் கோணல்மாணலாக வருகிறது

மேலே சொன்ன 0.6 டிகிரியை நினைவில் வையுங்கள். உங்கள் சென்சார்கள் ஒவ்வொன்றும் 0.3 டிகிரி பிழை உள்ளவை என்றால் பகலில் நீங்கள் அளப்பது பிழையைத்தான். இங்கே வளிமண்டலத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டையும் ஒரே மட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் கட்டி இரண்டு நாள் ஓடவிட்டு, வரும் வித்தியாசத்தைக் குறித்துக்கொண்டு, பிறகு தனித்தனி மட்டத்துக்கு ஏற்றுங்கள். வாரம் ஒருமுறை மேலதைக் கீழும் கீழதை மேலும் மாற்றினால் இன்னும் நல்லது.

எங்கள் கம்பத்தில் சித்திரை மாதம் கீழ் வெப்பமானி நண்பகலில் அரை டிகிரி கூடுதலாகவும், மாலையில் இறங்குவதற்குத் தாமதமாகவும் காட்டியது. நான் இந்த முறை புத்திசாலித்தனமாக எண்ணைப் போட்டு, "கடும் நிலையின்மை" என்று நோட்டில் எழுதி வைத்துவிட்டுப் பத்து நாள் நிம்மதியாக இருந்தேன். பதினோராம் நாள் சுத்தம் செய்யப் போனால், வெயில்மறைப்புத் தட்டுகளுக்கு நடுவே குளவி மண்கூடு கட்டியிருக்கிறது, காற்றே உள்ளே போக வழியில்லை. மண் சுட்டு, வெப்பமானியும் சுட்டது. தரவு பத்து நாள் குப்பைக்கு. தாமதமாக ஏறி தாமதமாக இறங்குகிறது என்றால் முதலில் மறைப்பைத் திறந்து பாருங்கள், காற்றுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

அறிகுறி: நட்ட நடு மதியத்தில் வெப்பப் பாய்வு கீழ்நோக்கி வருகிறது

சானிக்கைத் தலைகீழாக மாட்டிவிட்டோமா என்று தோன்றும். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஆடி மேல்காற்று, பக்கத்தில் தரிசு, உங்கள் குறுவை வயலில் மட்டும் தண்ணீர் நிற்கிறது. தரிசில் சுட்ட காற்று ஈர வயலுக்கு மேல் வருகிறது, பயிர் ஆவியாக்கிக் குளிர்ந்திருக்கிறது, காற்றைவிட இலை குளிர்ச்சி. அப்போது பட்டப்பகலில் தரையோரக் காற்று நிலையாகிவிடும், வெப்பம் காற்றிலிருந்து பயிருக்கு இறங்கும், ஆவியாதலுக்குச் செலவாகும் ஆற்றல் சூரியன் கொடுத்ததைவிடக்கூட அதிகமாக வரும். சோலை விளைவு என்று இதற்குப் பெயர், தவறே இல்லை.

குறி நிஜமாகவே மாறியிருந்தால் எப்போதும் மாறியிருக்கும். அறுவடை முடிந்து வயல் காய்ந்த பிறகும் மதியம் எதிர்மறை என்றால், சரி, இப்போது சானிக்கைச் சந்தேகப்படலாம்.

அறிகுறி: சூரியன் உதித்து ஒரு மணி நேரமும், அடையும் நேரமும் எண்கள் பைத்தியம் பிடித்தது போல்

காற்றின் நிலைத்தன்மையைச் சொல்லும் ஒபுகோவ் நீளம் என்பது உராய்வு வேகத்தின் கனத்தை வெப்பப் பாய்வால் வகுத்து வருவது. பாய்வு பூஜ்யத்தைக் கடக்கும் நேரத்தில் அது மைனஸ் ஆயிரத்திலிருந்து பிளஸ் ஆயிரத்துக்குத் தாவும். மூடிவிட்டு டீ குடிக்கப் போங்கள். அந்த அரை மணியில் நீளத்தைப் பார்க்காமல் அதன் தலைகீழை (ஒன்றை நீளத்தால் வகுத்தது) வரைந்தால் அழகாகப் பூஜ்யத்தைக் கடக்கும் கோடு கிடைக்கும்.

அறிகுறி: ராத்திரி கரியமில வாயுப் பாய்வு நம்ப முடியாத அளவு குறைவு

மண்ணும் பயிரும் ராத்திரி மூச்சுவிடுவதை நிறுத்துவதில்லை. கொந்தளிப்பு இல்லாததால் வாயு கருவிக்குக் கீழேயே தேங்குகிறது, அல்லது பள்ளத்தை நோக்கி வழிந்து பக்கவாட்டில் போய்விடுகிறது. அதனால்தான் உராய்வு வேகம் ஒரு அளவுக்குக் கீழே போனால் அந்த அரை மணியைத் தள்ளிவிட்டு, அந்த இடைவெளியைக் கணக்குப் போட்டு நிரப்புவது வழக்கம், அந்த அளவு பல இடங்களில் 0.1-லிருந்து 0.3-க்குள் வரும். அடுத்தவர் இடத்து எண்ணை எடுத்துப் போடாதீர்கள், உங்கள் தரவில் பாய்வு எந்த வேகத்துக்கு மேல் சமமாகிறது என்று வரைந்து பாருங்கள்.

இன்னொன்று, கருவி "பார்க்கும்" நிலம் இரவில் விரிந்துவிடும். பகலில் சுழல்கள் செங்குத்தாகக் கலக்குவதால் பக்கத்து நிலத்தின் சேதிதான் வரும். நிலையான இரவில் உயரத்தைப்போல் பல நூறு மடங்கு தூரத்திலிருந்து வரலாம். 3 மீட்டர் கருவி, 200 மீட்டர் வயல் என்றால் ராத்திரி நீங்கள் அளப்பது பக்கத்து ஊர்க்காரர் மாட்டுக்கொட்டகையாகக்கூட இருக்கும்.

அறிகுறி: கூட்டிப் பார்த்தால் ஆற்றல் கணக்கு உதைக்கிறது

நிகரக் கதிர்வீச்சில் மண்ணுக்குப் போனதைக் கழித்தால் மிச்சம் வெப்பப் பாய்வும் ஆவியாதலும் சேர்ந்ததற்குச் சமமாக வேண்டும். வராது. உலகம் முழுக்க உள்ள கோபுரங்களில் 10-லிருந்து 30 சதவீதம் குறைவது சாதாரணம், 2000-ல் கலிபோர்னியாவில் ஒரு பருத்தி வயலில் ஈபெக்ஸ் என்று இதற்காகவே கூடி அளந்தபோதும் முழுசாகச் சேரவில்லை. ஒரு காரணம் மண்ணுக்குள்ளேயே இருக்கிறது, அதை நீங்களே சரிசெய்யலாம்: மண் வெப்பத்தை அளக்கும் தட்டு 5 சென்டிமீட்டர் ஆழத்தில், அதற்கு மேல் உள்ள ஈரமண் அரை மணியில் 1 டிகிரி சூடானால் அதுவே சதுர மீட்டருக்கு 55 வாட் அளவுக்கு விழுங்கிவிடும். அதைக் கணக்கில் சேர்க்காமல் வளிமண்டலத்தின் மேல் பழி போடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன். அதற்குப் பிறகும் மிஞ்சுவது பெரும்பாலும் பகலின் பெரிய, மெதுவான சுழல்கள் செய்வது. ஒரே இடத்தில் நிற்கும் கம்பம் அவற்றை அரை மணியில் பிடிப்பதில்லை.

கூடவே சாய்வு. காற்று நொடிக்கு 3 மீட்டர், சானிக் 1 டிகிரி சாய்ந்திருந்தால் இல்லாத செங்குத்துக் காற்று 0.05 வரும். மட்டம் பார்த்துக் கட்டினால் மட்டும் போதாது, தரவிலும் அச்சைத் திருப்பி அந்தச் சாய்வை எடுத்துவிடுங்கள். கான்சாஸில் 1968-ல் 32 மீட்டர் கோபுரம் கட்டி அளந்த குழுவுக்கே கார்மன் மாறிலி (காற்று வேகம் உயரத்தோடு கூடுவதைக் கணக்கிடும் வாய்பாட்டில் வருவது) 0.35 என்று வந்தது, இன்று எல்லோரும் பயன்படுத்துவது 0.40. கோபுரமே காற்றைத் திரித்திருக்கும் என்பது பின்னாளில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று.

அறிகுறி: பனி இறங்கும் ராத்திரிகளில் மட்டும் சானிக்கில் ஊசி ஊசியாக

இது கருவிதான். முகப்பில் துளி நிற்கிறது, ஒலி போகும் பாதை கெடுகிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை 3 மணிக்குத் தொடங்கி வெயில் வந்து காயும்வரை இருக்கும். பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஒட்டடை இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், சிலந்திக்கு சானிக்கின் மூன்று கைகளும் வலை கட்டுவதற்கென்றே செய்தது போல.

அறிகுறி: நிரலில் உராய்வு வேகம் முடிவுக்கே வராமல் சுற்றுகிறது, அல்லது தரை வெப்பநிலை பாதாளத்துக்குப் போகிறது

கம்பத் தரவிலிருந்து பாய்வைக் கணக்கிடும் நிரலில் உராய்வு வேகம் தெரிந்தால்தான் ஒபுகோவ் நீளம், நீளம் தெரிந்தால்தான் உராய்வு வேகம். அதனால் ஐந்தாறு சுற்று ஓட்டுவோம். இரவில் அது நிற்காமல் ஆடினால் நிரலில் பிழை தேட வேண்டாம். நிலையான பக்கத்துக்கு எல்லோரும் போடும் "ஒன்றுடன் ஐந்து மடங்கு" வாய்பாட்டில் (உயரத்தை ஒபுகோவ் நீளத்தால் வகுத்ததன் ஐந்து மடங்கை ஒன்றுடன் கூட்டுவது) ரிச்சர்ட்சன் எண் 0.2-ஐத் தாண்ட வழியே இல்லை, நீங்கள் 0.29 கொடுத்தால் அதற்கு விடையே கிடையாது, எத்தனை சுற்று ஓட்டினாலும். 0.2-க்கு மேல் அந்தத் தரவு வரியை விட்டுவிட்டு "கொந்தளிப்பு இல்லை" என்று குறியுங்கள்.

தரை வெப்பநிலையைத் தானே கணிக்கும் மாதிரி என்றால் கதை வேறு: தரை குளிர்ந்தால் காற்று இன்னும் நிலையாகும், மேலிருந்து வெப்பம் வருவது குறையும், தரை இன்னும் குளிரும், இப்படியே ஓடும். நிஜத்தில் மண்ணிலிருந்து மேலே வரும் வெப்பமும், மேகமும் ஈரப்பதமும் திருப்பி அனுப்பும் கதிர்வீச்சும் பிடித்து நிறுத்துகின்றன. முதலில் மாதிரியில் அந்த மண் வெப்பம் சரியாக இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைச் செய்யாமல் வானிலைக் கணிப்பு மாதிரிகளில் செய்வது போல நிலைத்தன்மை கூடக்கூடக் கலப்பு குறைவதைச் சொல்லும் வளைவைப் பூஜ்யத்துக்கு இறங்கவிடாமல் வாலாக இழுத்துவிட்டு, இல்லாத கலப்பைக் கொடுத்தால் வெப்பநிலை நன்றாக உட்காரும், ஆனால் மேலே அந்தத் தாழ்மட்டத் தாரை கரைந்து போய்விடும், இரவுக் காற்றடுக்கு நிஜத்தைவிட உயரமாக வீங்கும். எங்கள் மாதிரியில் நான் அந்த வாலைப் போட்டுத்தான் ஒரு வருடம் ஓட்டினேன். 2 மீட்டர் வெப்பநிலை மட்டும் அழகாகப் பொருந்தியது, 10 மீட்டர் காற்று ஒரு ராத்திரிகூடப் பொருந்தவில்லை.